ரீச்சரைக் கேளுங்கள்: கப்பலில் வருபவர்களுக்கு ஒரு பகல் வன்னி

*வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றபின் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்யும் நமது ரீச்சர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.*

ரீச்சர், என்னிடம் ஒரு வான் இருக்கிறது. காங்கேசன்துறைக்கு உல்லாசக் கப்பல் வந்தால் துறைமுக வாசலில் நின்று ஆட்களை ஏற்றி வன்னி காட்டலாமா?
*வாசகர், பரந்தன்*

தம்பி, வாசலில் நின்று கூப்பிடுவதை விடுங்கள். 2023 ஜூனில் சென்னையில் இருந்து வெளிக்கிட்ட ‘எம்பிரஸ்’ கப்பல் காங்கேசன்துறைக்கும் வந்ததே, அன்றில் இருந்து பலருக்கும் இந்த ஆசை இருக்கிறது. ஆனால் கப்பலில் வருபவர்களில் நிறையப் பேர் கரையில் என்ன பார்ப்பது என்பதைக் கப்பலிலேயே காசு கட்டிப் பதிந்துவிடுவார்கள். கப்பல் நிறுவனம் அந்த வேலையை உள்ளூர் சுற்றுலா முகவர் ஒருவரிடம் கொடுக்கும். பஸ், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அவர் பொறுப்பு. நீங்கள் போய்க் கதைக்க வேண்டிய ஆள் அவர்தான்.

பயணிகள் ஏன் அப்படிப் பதிகிறார்கள் என்றால், காரணம் நேரம். கப்பலின் சொந்தச் சுற்றுலா பஸ் பிந்தினால் கப்பல் காத்து நிற்கும். தனியாக வான் பிடித்துப் போனவர் பிந்தினால் கப்பல் போய்விடும். அவர் அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். அந்தப் பயம் உள்ளவரிடம் “கெதியா கூட்டிக்கொண்டு வந்து விடுவேன்” என்று நீங்கள் சொன்னால் எடுபடாது.

இன்னொன்று, வான் ஓடுவது வேறு, வழிகாட்டுவது வேறு. வழிகாட்டிக்கு இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் உரிமம் வேண்டும். தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று வகை இருக்கிறது. உங்களுக்குச் சாரதி வழிகாட்டி வகைதான் பொருந்தும்.

கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் நினைவுக்கல் இருக்கிறது. கப்பல் பயணிகளை இங்கே கூட்டி வர ஏன் ஒருவரும் யோசிப்பதில்லை?
*வாசகி, ஒட்டுசுட்டான்*

தங்கச்சி, யோசித்துப் பார்த்தவள்தான் நான். மணிக்கூடு விடுவதில்லை.

கப்பல் மாலை 6 மணிக்கு வெளிக்கிடுகிறது என்று வையுங்கள். 5 மணிக்கு எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவாவது பஸ் துறைமுகத்தில் நிற்காவிட்டால் எனக்கு நெஞ்சு பதறும். காலையில் கப்பல் கட்டி, குடிவரவு முடித்து, கடைசி ஆள் பஸ்ஸில் ஏற 8 மணி ஆகிவிடும். மிச்சம் எட்டு மணித்தியாலம். காங்கேசன்துறையில் இருந்து கிளிநொச்சியே ஏறத்தாழ 85 கிலோமீற்றர். அதற்கு மேல் மாங்குளம் போய் ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினால், அந்த ஒரு கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புவதோடு நாள் சரி. வருபவர்களில் பாதிப் பேர் முழங்கால் பிடித்துக்கொண்டு பஸ் படி இறங்குகிற வயதுக்காரர். அவர்களை அவ்வளவு நேரம் இருத்தி வைக்க ஏலாது.

நான் சொல்லும் பாதை வளையமானது. போகும்போது யாழ்ப்பாணம் தாண்டி சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி. 2011 இல் அந்தப் பாலம் திறந்த பிறகுதான் இது சாத்தியமானது. பூநகரியில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த சின்னக் கோட்டை. பெரிய கோட்டை எதிர்பார்த்து வருபவர் முதலில் முகம் சுளிப்பார். சுவருக்குக் கிட்டக் கூட்டிப்போய் முருகைக்கல்லைக் காட்டுங்கள். கடலில் உயிரோடு இருந்த பவளத்தின் கண்கள் கல்லில் அப்படியே தெரியும். தடவிப் பார்த்தவர் அதன்பிறகு சுவரைத்தான் படம் எடுப்பார்.

அங்கிருந்து பரந்தன் றோட்டால் வந்து இரணைமடு, திரும்பும்போது ஏ9 நெடுஞ்சாலையில் ஆனையிறவு. இந்த மூன்றையும் கோர்க்க ஒரு கதை வேண்டும். நான் யானையைப் பிடித்துக்கொள்கிறேன். வன்னியர்கள், அதாவது வன்னியை ஆண்ட சிற்றரசர்கள், போர்த்துக்கேயருக்கும் பிறகு ஒல்லாந்தருக்கும் திறையாகக் கட்டியது யானைதான். காட்டில் பிடித்த யானைகளை ஆழமில்லாத களப்பைக் கடத்திக் குடாநாட்டுக்குள் ஓட்டிப்போய், ஊர்காவற்றுறையில் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு விற்றார்கள். பூநகரியிலும் ஆனையிறவிலும் கோட்டை எதற்கு என்று பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். திறை சரியாக வராததால் ஒல்லாந்தர் 1780களில் படையோடு வந்து வன்னியைத் தங்கள் நேரடி ஆட்சிக்குள் எடுத்தார்கள். அடுத்து வந்த ஆங்கிலேயரிடம் இருந்து 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவர் பண்டாரவன்னியன். அந்த ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் ட்ரிபேர்க்கிடம் தோற்றார். உங்கள் ஊர்க் கல்லில் எழுதியிருப்பதும் அதுதானே: ட்ரிபேர்க் இங்கே பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று. வென்றவர் நட்ட கல். நாங்கள் அதைத் தோற்றவருக்காகக் கும்பிடுகிறோம். இதைப் பஸ்ஸிலேயே சொல்லலாம், கல்லுக்குக் கிட்டப் போகத்தான் வேண்டும் என்றில்லை.

இரணைமடுவில் குளக்கட்டில் ஏற்றிவிடுங்கள். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அதிர்ஷ்டம். கனகராயன் ஆற்றை மறித்து ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய குளம் இது, பழைய அரசர் கட்டியது என்று அளந்து விட வேண்டாம். பழமை வேண்டுமென்றால் அந்த மண்ணிலேயே இருக்கிறது. செம்மண்ணும் பருக்கைக்கல்லும் சேர்ந்த படைக்குத் தொல்லியலாளர் இரணைமடுவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கற்கால மனிதரின் கல்லாயுதங்கள் கிடைப்பது அப்படியான படையில். துருசு (குளத்து மதகு), வாய்க்கால், நெல் விதைக்கும் காலபோகம், சிறுபோகம் எல்லாம் ஒரு கமக்காரர் வாயால் வந்தால் இன்னும் நல்லது. ஐந்து நிமிடம் போதும், மொழிபெயர்க்க நீங்கள் நில்லுங்கள்.

நேரம் இறுகினால் முதலில் வெட்ட வேண்டியது கடை நிறுத்தம். முகவர் முகத்தைத் தூக்குவார், தூக்கட்டும்.

திருகோணமலையில் இறங்குபவர்களை முல்லைத்தீவுக்குக் கொண்டுவர முடியாதா?
*வாசகர், கொக்கிளாய்*

வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரியும் ஐயா. உங்கள் களப்புக் குறுக்கே கிடக்கிறதே, பஸ் சுற்றித்தான் வர வேண்டும். ஒரு பகலுக்கு அது சரிவராது.

ஏ9 இல் போகும்போது யுத்தம் பற்றிக் கேட்பார்கள். என்ன சொல்வது, என்ன சொல்லாமல் விடுவது?
*பயிற்சி பெறும் வழிகாட்டி, கிளிநொச்சி*

கேட்காமல் விடமாட்டார்கள். ஆனையிறவில் நிறுத்தினால் அந்த புல்டோசர் நினைவுச்சின்னம் கண்ணுக்கு முன்னால் நிற்கும். 1991 இல் புலிகள் முகாமைத் தாக்கியபோது அந்த வாகனத்தை மறித்து இறந்த இராணுவ வீரனுக்கு வைத்தது. அதைச் சொல்லுங்கள். 2000 ஏப்ரலில் முகாம் புலிகளிடம் விழுந்ததையும், 2009 ஜனவரியில் இராணுவம் திரும்பப் பிடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். இது ஒரு தரப்பின் சின்னம், மற்றத் தரப்புக்கு இங்கே ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லுங்கள். புலிகள் தங்கள் போராளிகளை அடக்கம் செய்த மாவீரர் துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டதும், 2009 மேயில் முள்ளிவாய்க்காலில் நடந்ததும் கேட்டால் மறைக்க வேண்டியதில்லை. குரலை உயர்த்தாமல், ஆண்டும் இடமும் வைத்துக் கதையுங்கள்.

ஆனால் சனத்தின் வீட்டு முற்றத்தில் பஸ்ஸை நிறுத்த வேண்டாம். ஆளைத் தேடுகிற தாயொருத்தி வீதியோரம் படத்தோடு இருந்தால் அவரிடம் கேட்காமல் கமரா நீளக்கூடாது. இதைப் பஸ் வெளிக்கிடும்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் பிந்திவிடும். “உங்களுக்கு என்ன நடந்தது?” என்று உங்களையே கேட்பார்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் “இன்றைக்கு வேண்டாம்” என்று சொல்லலாம். அதற்கும் சேர்த்து அவர்கள் காசு கட்டவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு என்ன கொடுக்கலாம்?
*வாசகி, முறிகண்டி*

சோறு, இரண்டு மரக்கறி, மீன் குழம்பு உறைப்புக் குறைத்து, எருமைத் தயிர், தேன். சுத்தமான மலசலகூடம் இருக்கிற இடமாகப் பாருங்கள், சாப்பாட்டை விட அதுதான் முதலில் விசாரிப்பார்கள். ஆனி, ஆடியில் வந்தால் வீதியோரம் பாலைப்பழம் வாங்கிக் கொடுங்கள், பால் உதட்டில் ஒட்டும் என்று முன்கூட்டியே சொல்லி.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. இந்த வேலை கிடைக்குமா?
*மாணவி, நெடுங்கேணி*

படியுங்கள், தேவைப்படும். ஆனால் சென்னைக் கப்பலில் வருபவர்களில் தமிழர் நிறையப் பேர் இருப்பார்கள். எங்கள் கதை அவர்களுக்கு விளங்க, கொஞ்சம் ஆறுதலாகப் பேசினால் போதும். அவர்கள் மணிக்கூடும் எங்கள் மணிக்கூடும் ஒன்றுதான். மாலைதீவில் இருந்தோ சிங்கப்பூரில் இருந்தோ வரும் கப்பலில் கப்பல் நேரம் வேறாக இருக்கலாம். ஆகவே யார் வந்தாலும் பஸ்ஸில் ஏறியதும் முதல் வேலை, ஒரு பயணியின் கைக்கடிகாரத்தைப் பார்த்து உங்களுடையதோடு ஒப்பிடுவது. கைத்தொலைபேசியைப் பார்க்காதீர்கள், அது தானாக இலங்கை நேரத்துக்கு மாறியிருக்கும்.