கணக்கு வேலையில் திரும்பத் திரும்பச் சரிபார்த்தே எல்லாம் தாமதமாகிறது. "கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற வசனம் இருக்கும்போது, திருப்தி வராத வேலையை எப்படி அனுப்புவது?

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், மாதாமாதம் 11, 20 தேதிகளை ஒட்டி இரவு வெகுநேரம் அலுவலகத்தில் இருப்பவர் என்று தெரிகிறது. விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 (11-க்குள்), வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி (20-க்குள்) என்ற இரண்டு ஜிஎஸ்டி அறிக்கைகளும் தயாராக இருக்கும். சமர்ப்பிக்கத்தான் கை வராது. உங்களைக் கட்டிப்போட்டிருப்பது வசனம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கொலோசெயர் 3:23-ஐ அதற்கு முந்தின வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். மனுஷரைப் பிரியப்படுத்தப் "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" என்று பவுல் அங்கே எச்சரிக்கிறார். மேலாளர் என்ன நினைப்பாரோ என்று ஆறாவது முறை பார்க்கும் சரிபார்ப்பு அந்த எச்சரிக்கைக்குள் வருகிறது. மத்தேயு 5:48-ல் பிதாவைப் போலப் பூரணராயிருக்கச் சொல்லியிருக்கிறதே என்பீர்கள். அதற்கு முந்தின வசனங்கள் சத்துருவை நேசிப்பதைப் பற்றியவை. நல்லவன், தீயவன் இருவர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிற தேவனைப் பற்றியவை. லூக்கா 6:36 இதே இடத்தில் "இரக்கமுள்ளவர்களாயிருங்கள்" என்கிறது.

கணக்கு எழுதுகிறவர்கள் நிதானித்து வாசிக்க வேண்டியது மத்தேயு 25-ல், எஜமான் தன் பணத்தை ஊழியக்காரரிடம் ஒப்படைத்துப் போகும் உவமையின் மூன்றாவது ஊழியக்காரனைத்தான். அவன் கணக்கில் ஒரு பிழை இல்லை. வாங்கிய ஒரு தாலந்தும் (அக்காலத்துப் பெருந்தொகை) குறையாமல் அப்படியே திரும்பி வந்தது. ஆனாலும் கண்டிக்கப்பட்டான். எஜமான் "கடினமுள்ள மனுஷன்" என்று அவன் முடிவுகட்டியிருந்தான், அதனால் பயந்து புதைத்தான். தவறே செய்யக் கூடாது என்று வேலையைப் பிடித்து வைத்திருப்பவருடைய உள்ளத்தில் தேவனைப் பற்றி இருப்பதும் பெரும்பாலும் இந்த எண்ணம்தான். முதலில் சரியாக வேண்டியது அது.

இனி வேலை. தவறுகளை இரண்டாகப் பிரியுங்கள்: திருத்தக்கூடியவை, திருத்த முடியாதவை. ஜிஎஸ்டிஆர்-1-ல் விட்டுப்போன பில்லை 3பி போடுவதற்கு முன் அதே மாதத்துக்கு 1ஏ என்ற திருத்தப் படிவம் மூலம் சேர்க்கலாம். அதையும் தவறவிட்டால், ஆண்டறிக்கையை முன்னதாகவே போட்டுவிடாத வரை, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை பிந்தைய மாதங்களில் திருத்தலாம். 3பி-யைத் திருத்தும் வழி இல்லை. அடுத்த மாதத்தில்தான் சரிக்கட்ட வேண்டும். வங்கிப் பணப்பரிமாற்றத்தில் கணக்கு எண் மாறினால் பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. ஆகவே கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, தொகை, 3பி-யின் வரித்தொகை ஆகியவற்றுக்கு இரண்டு சரிபார்ப்பு, இரண்டாவதை வேறொருவர் செய்யட்டும். குறிப்புரை, எழுத்துரு, வரிசை இவற்றுக்கு ஒன்று போதும்.

சரிபார்க்கும் விதத்தையும் மாற்றுங்கள். அதே கண் அதே பட்டியலை அதே வரிசையில் மறுபடி பார்த்தால், முதல் தடவை தவறவிட்டதைத்தான் மறுபடியும் தவறவிடும். ஆரம்ப இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்து இறுதி இருப்புக்கு வருகிறதா என்று பாருங்கள். பிறகு சென்ற மாதத்தோடு ஒப்பிட்டு, பெரிதாக ஏறி இறங்கியிருக்கும் தலைப்புகளை மட்டும் திறங்கள். கணக்கு ஒத்துவராமல் நிற்கும் வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 54-ஐ 45 என்று எழுதியிருப்பார்கள். இரட்டைப்படை வித்தியாசமானால் அதில் பாதித் தொகையைத் தேடுங்கள். பற்றில் (டெபிட்) எழுத வேண்டியது வரவில் (கிரெடிட்) ஏறியிருக்கலாம். இவ்வளவும் முடிந்ததா, அனுப்பிவிடுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதை வேலை தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதுங்கள்: இதை யார் பார்க்கப் போகிறார், எதை முடிவு செய்ய, எப்போது வேண்டும். களைத்துப்போன இரவு 10 மணிக்கு அந்த முடிவை எடுத்தால் பயம்தான் எடுக்கும். "காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான்" என்று பிரசங்கி 11:4 சொல்வது இதைத்தான். தாமதம் அயலானையும் பாதிக்கும். நீங்கள் ஜிஎஸ்டிஆர்-1-ஐப் பிந்திப் போட்டால் 14-ஆம் தேதி உருவாகும் 2பி என்ற வரி வரவுப் பட்டியலில் வாங்கியவருக்கு அந்த பில் தெரியாது, அவருடைய உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) தள்ளிப்போகும். வரி கட்ட வேண்டிய 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், வரிக்கு 18 சதவீத வட்டி.

அரைகுறை வேலைக்கு வசனம் தேடுகிறேன் என்று சிலர் கருத்தில் எழுதுவார்கள். மேலே சொன்ன சரிபார்ப்புகளில் ஒன்றையும் விடச் சொல்லவில்லை. அதற்குமேல் செய்வதைத்தான் விடச் சொல்கிறேன்.

இன்னொன்று, கேள்விக்கு வெளியே. கணக்குத் தெரிந்த ஒருவர் சபையில் இருந்தால் சபைக் கணக்கு, கட்டட நிதி, விடுமுறை வேதாகமப் பள்ளிச் செலவு எல்லாம் அவர் தலையில்தான். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்றுகூட ஆராதனை முடிந்ததும் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார வைக்கிறார்கள். முடியாது என்றால் "ஊழியத்துக்கு நேரமில்லையா" என்று கேட்கிறார்கள். ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கிக்கும் இடத்தில் இது நடப்பது மிகவும் வருத்தம். மோசே எல்லாவற்றையும் ஒருவராகச் சுமந்தபோது அவருடைய மாமனார் எத்திரோ "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று நேராகச் சொன்னார். பத்துப் பேருக்கொரு தலைவர் வரை பிரித்துக் கொடுக்கச் சொன்னார் (யாத்திராகமம் 18). சபைக் குழுக்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை உட்கார்ந்து வாசிக்கட்டும்.

அனுப்பிய பிறகு தவறு தெரிந்தால் அன்றே மூன்று வரி எழுதுங்கள்: எது தவறு, சரியான எண் என்ன, திருத்த என்ன செய்தாயிற்று. நீண்ட மன்னிப்பு வேண்டாம். படிப்பவருக்கு அந்த எண்தான் தேவை. வேலையில் மட்டுமின்றி வீட்டுப் பூட்டு, கேஸ் அடுப்பு, சொன்ன ஜெபம் என்று எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் நிலை இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது சிகிச்சைக்குரியது, விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜெபத்தையும் மருந்தையும் சேர்த்தே தொடரலாம்.