ஸ்கிரிப்டிலிருந்து சிஸ்டம் லாக்: கொங்குப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

மில், பனியன் கம்பெனி, மண்டி என்று பல இடங்களில் சர்வர் பார்த்துக்கொள்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பல்லடம்: பைத்தான்ல பிரின்ட் போட்டு ஒரு ஃபைல்ல எழுதிட்டு வர்றேனுங்கண்ணா. சிஸ்லாக்குக்கு எதுக்கு மாறணும்?

நைட் ஷிப்ட்ல உற்பத்திக் கணக்கு ஏறாம நின்னுடுதுன்னு வெச்சுக்குங்க. அதே நிமிஷம் டிஸ்க் நிரம்புச்சா, நெட்வொர்க் விழுந்துச்சான்னு உங்க தனி ஃபைல் சொல்லாது. சிஸ்லாக்ங்கறது மெஷினோட பொதுப் பதிவேடு. அதுல கர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி), மத்த சர்வீஸ், உங்க ஸ்கிரிப்ட் எல்லாம் ஒரே நேர வரிசையில வந்துடும். 1980-கள்ல எரிக் ஆல்மன் சென்ட்மெயில்ங்கற மெயில் அனுப்பற புரோகிராமுக்காக எழுதினது இது. செய்தி எவ்வளவு அவசரம்னு சொல்ல இன்னைக்கும் அதே எட்டுப் படிதான், எண் குறைய அவசரம் கூடும். 0 எமர்ஜென்சி, 3 எரர், 4 வார்னிங், 6 இன்ஃபோ, 7 டீபக்.

படியைச் சரியா போடறதுதான் முக்கால்வாசி வேலைங்க. எல்லாத்தையும் எரர்னு எழுதினா, உண்மையான எரர் வர்ற அன்னைக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஸ்கிரிப்டுக்குன்னு ஒரு பேரும் பைத்தான் சிஸ்லாக் மாட்யூலோட ஓப்பன்லாக்ல கொடுத்துடுங்க, அப்புறம் தேடறது சுலபம்.

பெருந்துறை: சிஸ்லாக் ஹேண்ட்லர் போட்டேன். எரர் இல்லை, ஆனா லாக்கில் ஒரு வரிகூட வரவில்லை.

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. ரெண்டு காரணம். முதலாவது முகவரி. நீங்க எதுவும் சொல்லலைன்னா பைத்தான் ஹேண்ட்லர் (லாக் வரியைக் கொண்டுபோய்ச் சேர்க்கற பகுதி) அதே மெஷினோட 514-ஆம் போர்ட்டுக்கு யுடிபி-யில அனுப்பும். பெரும்பாலான லினக்ஸ்ல அங்க யாரும் கேட்டுட்டு இருக்கறதில்லை. யுடிபி-ங்கறதால போய்ச் சேரலைன்னும் தகவல் வராது. முகவரியா ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் லாக் கொடுங்க, சிஸ்லாக் செய்தி வாங்கற சாக்கெட் அதுதான்.

ரெண்டாவது, பைத்தான் லாகரோட இயல்பான படி வார்னிங். இன்ஃபோ வரிகள் ஹேண்ட்லருக்கே போகாது. செட்லெவல்ல இன்ஃபோன்னு மாத்துங்க. எதுக்கும் முன்னாடி டெர்மினல்ல லாகர்ங்கற லினக்ஸ் கட்டளையில (பைத்தான் லாகர் வேற) ஒரு வரி அனுப்பிப் பாருங்க. அது விழுந்தா சிஸ்டம் சரி, கோளாறு ஸ்கிரிப்ட்லதான். டாக்கர் கன்டெய்னர் உள்ள ஸ்கிரிப்டை ஓட்டறவங்களுக்கு அந்த சாக்கெட்டே பொதுவா இருக்காது. அவங்க ஸ்டாண்டர்ட் அவுட்புட்ல எழுதறதுதான் நல்லது.

கரூர்: ரவுட்டரில் இருந்து வரும் வரி 131 என்ற எண்ணோடு தொடங்குகிறது. என்ன அது?

8-ஆல வகுங்க. ஈவு எந்த வகை மூலத்துல இருந்து வந்ததுன்னு சொல்லும்: 16, அதாவது நம்ம சொந்த உபயோகத்துக்கு விட்ட லோக்கல்0. மீதிதான் முன்னாடி சொன்ன படி: 3, எரர். பார்க்க வேண்டிய வரிதாங்க.

சோமனூர்: லாக்கை ஸ்பேஸ் வைத்துப் பிரித்துப் படிக்கிறேன். மாசத்தின் முதல் ஒன்பது நாளும் தப்பாகிறது. ஜனவரி பிறந்ததும் டிசம்பர் வரிகள் எல்லாம் அடுத்த டிசம்பர் ஆகிவிட்டன.

பழைய வடிவத்துல ஒற்றை இலக்கத் தேதிக்கு முன்னாடி கூடுதலா ஒரு ஸ்பேஸ் இருக்கும். பைத்தானோட ஸ்ப்ளிட்டுக்குள்ள ஸ்பேஸைக் கொடுக்காம வெறுமனே கூப்பிட்டா அது சரியாயிடும். வருஷம் வேற கதை: அந்த வடிவத்துல வருஷமே கிடையாது, நேர மண்டலமும் கிடையாது; அதனால உங்க ஸ்கிரிப்ட் நடப்பு வருஷத்தைப் போட்டுடுது. டெபியன் 12-ல இருந்து ஆர்சிஸ்லாக் (சிஸ்லாக் ஃபைலை எழுதற சர்வீஸ்) முழுத் தேதியோட எழுதுது.

சிஸ்டம்டி (சர்வீஸ்களை ஓட்டி, லாக்கும் சேர்க்கற லினக்ஸ் மென்பொருள்) இருக்கற மெஷின்னா டெக்ஸ்டைப் பிரிக்கற வேலையே வேண்டாம். அதோட லாக்கைக் காட்டற ஜர்னல்சிடிஎல் கட்டளையை ஜேசன் வடிவத்துல கேளுங்க, ஒரு வரிக்கு ஒரு பதிவு வரும். நேரம் 1970-ல இருந்து மைக்ரோசெகண்டுல, அதுவும் ஸ்ட்ரிங்கா இருக்கும். இன்ட்டா மாத்தி பத்து லட்சத்தால வகுக்கணும். செய்தியில யுடிஎஃப்-8 அல்லாத எழுத்து கலந்திருந்தா ஸ்ட்ரிங்குக்குப் பதிலா எண்களோட பட்டியல் வரும், அதையும் பார்த்து எழுதுங்க. எங்க விட்டோம்ங்கறதுக்கு பதிவுல வர்ற கர்சர்ங்கற அடையாளத்தைச் சேமிச்சு வெச்சா அடுத்த தடவை அங்கிருந்தே தொடரலாம்.

பொள்ளாச்சி: லாக் ஃபைலைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. ரூட்டில் (முழு அதிகாரம் உள்ள யூசராக) ஓட்டட்டுமா?

வேண்டாம் அம்மணி. டெபியன், உபுன்டுன்னா யூசரை adm-ங்கற குரூப்ல சேர்த்துட்டு, வெளிய வந்து மறுபடி லாகின் பண்ணுங்க. படிக்க அது போதும்.

அவிநாசி: பில்லிங் மெஷின் விண்டோஸ். ராத்திரி கரண்ட் போய் அணைந்ததா, யாராவது அணைத்தார்களா?

பவர்ஷெல்ல கெட்-வின்ஈவென்ட் போட்டு சிஸ்டம் லாக்ல 41, 6008, 1074-ங்கற மூணு நிகழ்வு எண்ணையும் கேளுங்க. 1074 இருந்தா யூசரோ ஒரு புரோகிராமோ முறைப்படி அணைச்சது. யார், எதுங்கற பேரும் அதுலயே இருக்கும். அது இல்லாம 41, 6008 மட்டும் இருந்தா திடீர்னு நின்னிருக்கு. கரண்டாவும் இருக்கலாம், ஹேங் ஆகி யாராவது பட்டனை அழுத்தியிருக்கலாம். இந்த ரெண்டும் மறுபடி ஆன் ஆகும்போதுதான் பதிவாகும். அணைஞ்ச நேரம் 6008-ஓட செய்திக்குள்ள இருக்கும். வடிகட்டறதை அந்தக் கட்டளையோட ஃபில்டர்ஹேஷ்டேபிள்லயே செய்யுங்க, மொத்த லாக்கையும் இழுத்து அப்புறம் சலிச்சா ரொம்ப நேரம் பிடிக்கும்.

ஈரோடு, மஞ்சள் மண்டி: விவசாயி பேர், போன், ஏல விலை எல்லாவற்றையும் லாக்கில் எழுதலாமா?

லாட் எண்ணும் விலையும் போதுமுங்க. பேரையும் போனையும் டேட்டாபேஸ்ல தேடிக்கலாம். லாக் பல பேர் கண்ணுல படும், பேக்கப்புக்கும் போகும். பாஸ்வேர்ட், ஓடிபி, ஆதார் எண் ஒருபோதும் வேண்டாம். அடுத்தவங்க டைப் பண்ணின குறிப்பை எழுதறதா இருந்தா, உள்ள இருக்கற புதுவரி எழுத்தை முதல்ல எடுத்துடுங்க. இல்லைன்னா ஒரே குறிப்பை வெச்சு ஃபைல்ல ரெண்டாவதா ஒரு போலி வரியை யார் வேணா உண்டாக்கலாம், "ஏலம் முடிந்தது" உட்பட.