ஹனி வெஸ்ட்: ஒரே சீசனில் கடையைக் கட்டிய துப்பறியும் பெண் (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணே, ஹனி வெஸ்ட் காமெடித் தொடரா, துப்பறியும் தொடரா? சிட்காம் என்று சிலர் சொல்கிறார்கள்.

ரெண்டுங்கெட்டான், தம்பி. எனக்குப் பிடித்ததே அதுதான். பின்னணிச் சிரிப்பொலி கிடையாது, கொலையும் கடத்தலும் உண்டு. ஆனால் நீளம் மட்டும் சிட்காம் நீளம், அரை மணி நேரம். அமெரிக்காவின் ஏபிசி டிவியில் 1965 செப்டம்பரில் தொடங்கி 1966 ஏப்ரலில் முடிந்துவிட்டது. மொத்தமே 30 எபிசோட், எல்லாம் கறுப்பு வெள்ளை.

கேள்வி: கதையைக் கொஞ்சம் சொல்லுங்க சார்.

அப்பா நடத்திய டிடெக்டிவ் ஏஜென்சி, அவர் இறந்தபின் மகள் ஹனி கைக்கு வருகிறது. கூட்டாளி சாம் போல்ட். 'இந்தத் தொழிலை விடு, கல்யாணம் பண்ணிக்கலாம்' என்பது அவன் பல்லவி. அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. வீட்டில் மெக் அத்தை இருக்கிறார். புரூஸ் என்று ஓர் ஓஸ்லட்டும் உண்டு, சிறுத்தை மாதிரி புள்ளிபோட்ட காட்டுப்பூனை. சாமுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம்.

கேள்வி: லிப்ஸ்டிக்கில் மைக் வைத்தது இதில்தானா?

இதில்தான். சாம் டிவி ரிப்பேர் வேன் மாதிரி பெயர் எழுதிய வண்டியில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பான். எதிரி வீட்டுக்குள் ஹனி லிப்ஸ்டிக்கைத் திறந்து உதட்டருகே கொண்டுபோய்ப் பேசுவாள். பெண் உதட்டுச்சாயம் பூசினால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அந்த ஒரு யோசனைக்கே எழுதியவர்களுக்குக் கைகொடுக்கலாம். வெடிக்கும் கம்மல் எல்லாம் ஜேம்ஸ் பாண்ட் அலையில் அடித்துவந்தவை, எனக்கு ஒட்டவில்லை.

கேள்வி: நாவலில் வந்த பாத்திரமாமே?

ஆமாம். ஜி.ஜி. ஃபிக்ளிங் என்ற பெயரில் கணவன் மனைவி இருவர் சேர்ந்து எழுதியது, முதல் நாவல் 1957. அதில் வரும் ஹனி கொஞ்சம் 'ஏ' சர்டிபிகேட். டிவிக்கு ஏற்றபடி அடக்கி வாசித்தார்கள். முதலில் பர்க்ஸ் லா என்ற இன்னொரு துப்பறியும் தொடரின் ஒரு எபிசோடில் ஹனியை விருந்தாளியாக விட்டு ஆழம் பார்த்த பிறகுதான் தனித் தொடர். தயாரிப்பு ஆரன் ஸ்பெல்லிங். பின்னாளில் சார்லிஸ் ஏஞ்சல்ஸ் என்ற துப்பறியும் பெண்கள் தொடரைக் கொடுத்தவரும் அவரேதான்.

கேள்வி: இவ்வளவு நல்ல தொடரை ஏன் நிறுத்தினார்கள்? ஹனியாக வந்த ஆன் ஃபிரான்சிஸ் நடிப்பு சரியில்லையா?

நடிப்பின் மேல் பழி போடாதீர்கள். இந்த வேடத்துக்காக அவருக்குக் கோல்டன் குளோப் விருது கிடைத்தது, எம்மி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். ஜூடோ, கராத்தே சண்டைகளில் அவர் உடம்பு நிற்கும் விதத்தைப் பாருங்கள், வெறும் கையசைப்பு இல்லை.

அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. வெள்ளிக்கிழமை இரவு அதே நேரத்தில் போட்டி சேனலான சிபிஎஸ்ஸில் கோமர் பைல். அந்த சீசனில் நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இருந்த காமெடி அது. மோதி ஜெயிக்க முடியுமா? அதோடு 1966 மார்ச்சில் ஏபிசி பிரிட்டனிலிருந்து தி அவெஞ்சர்ஸ் என்ற உளவுத் தொடரை வாங்கி ஒளிபரப்ப ஆரம்பித்தது. டயானா ரிக் நடித்த எம்மா பீல், சண்டை போடும் இன்னொரு பெண். சொந்தமாக எடுப்பதைவிட வாங்கிப் போடுவது மலிவு. கணக்குப் பிள்ளை ஜெயித்தார், ஹனி தோற்றாள்.

என்னைக் கேட்டால் அந்த அரை மணி நேர நீளமும் இதில் ஒரு குற்றவாளிதான். குற்றம், சந்தேகம், சண்டை, சாமோடு வாய்ச்சண்டை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பல எபிசோடுகளில் துப்பு துலங்குவதே இல்லை, துப்பு வந்து மடியில் விழுகிறது. ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் இன்னொரு சீசன் தாங்கியிருக்கும்.

கேள்வி: இப்போது பார்க்க வழி உண்டா?

30 எபிசோடும் 2008லேயே டிவிடியாக வந்துவிட்டது. வரிசையாகப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, ஒவ்வொன்றும் தனிக்கதை.

கேள்வி: அதன்பிறகு ஹனி திரும்பி வரவே இல்லையா?

ஒரே ஒரு முறை, அதுவும் அரைகுறையாக. பர்க்ஸ் லாவை 90களில் மறுபடி எடுத்தபோது ஆன் ஃபிரான்சிஸ் 1994இல் ஒரு எபிசோடில் வந்தார். பாத்திரத்தின் பெயர் மட்டும் ஹனி பெஸ்ட்!