வென்டிலேட்டரில் இருப்பவரைக் குப்புறப் போடுவது ஏன்? ஆக்சிஜன் ஏறவில்லை என்றால் பலனில்லையா?

கேள்வி: ஸ்க்ரப் டைஃபஸ் (உண்ணி போன்ற சிறு பூச்சி கடித்துப் பரவும் கிருமிக் காய்ச்சல்) வந்து நுரையீரல் பாதித்த அப்பாவை வேலூரில் ஐசியுவில் 16 மணி நேரம் குப்புறப் போட்டிருக்கிறார்கள். முகம் வீங்கிவிட்டது, ஆக்சிஜனும் பெரிதாக ஏறவில்லை. இது தேவையா?

தேவைதான். ஆக்சிஜன் அளவை மட்டும் வைத்து இதை எடை போடாதீர்கள்.

நீர் கோத்த நுரையீரல் நனைந்த பஞ்சு மெத்தை மாதிரி, தன் கனத்தாலேயே அடிப்பக்கம் நசுங்கும். மல்லாந்து கிடந்தால் அந்த அடிப்பக்கம் முதுகுப்புறம். இதயமும் வயிறும் மேலிருந்து அழுத்தும். நுரையீரலின் பெரும்பங்கு இருப்பதும், இரத்தம் அதிகம் ஓடுவதும் அங்கேதான். காற்று புகாத இடத்தைச் சுற்றிய இரத்தம் ஆக்சிஜன் எடுக்காமலே திரும்புகிறது. குப்புறப் போட்டதும் முதுகுப்புறம் விரிகிறது. இரத்த ஓட்டமோ பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்பதால், காற்றும் இரத்தமும் சேர்ந்துகொள்கின்றன.

இன்னொரு பலன் மானிட்டரில் தெரியாது. முன்பக்கக் காற்றறைகள் மட்டும் அளவுக்கு மீறி ஊதிக் கிழிவது குறைகிறது. 2013இல் வெளியான ப்ரோசீவா ஆய்வில் 466 பேர். 28 நாளில் இறந்தவர்கள் மல்லாந்த குழுவில் 32.8%, குப்புறப் போட்ட குழுவில் 16%. அதே தரவைப் பிறகு அலசியபோது, ஆக்சிஜன் ஏறியதற்கும் பிழைத்ததற்கும் தொடர்பு தெரியவில்லை.

யாருக்கு? ஏபிஜியில் (தமனி இரத்தத்தில் வாயுக்களை அளக்கும் பரிசோதனை) வரும் ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜன் பங்கால் வகுங்கள். 70ஐ 0.7ஆல் வகுத்தால் 100. வென்டிலேட்டரைச் சரியாக அமைத்த பிறகும் இது 150க்குக் கீழே, ஆக்சிஜன் 60% அல்லது மேலே என்றால் தள்ளிப்போடக் கூடாது. வென்டிலேட்டர் தரும் ஒவ்வொரு மூச்சின் அளவு, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 6 மில்லி: 165 செ.மீ. ஆணுக்குச் சுமார் 370 மில்லி. உண்மையான எடையைப் பார்த்துக் கூட்டுவது நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. முதுகெலும்பு நிலையில்லாமல் முறிந்தவரைத் திருப்பக் கூடாது.

திருப்ப ஐந்து பேராவது வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் மூச்சு டியூபை விடவே கூடாது. எண்ணிக்கை சொல்பவரும் அவரே. அதற்கு முன் டியூப் உணவை நிறுத்தி, வயிற்றை உறிஞ்சி, சளி எடுத்து, ஆக்சிஜனை 100% ஆக்கி, கண்களுக்குக் களிம்பிட்டு மூடி, உதட்டருகே டியூபின் செ.மீ. குறியை எழுதி வைப்பார்கள். மார்புக்கும் இடுப்புக்கும் தலையணை. இரண்டு மணிக்கொரு முறை தலையை மறுபக்கம் திருப்பி, கைகளையும் மாற்ற வேண்டும். மறந்தால் கன்னம், தாடை, நெற்றியில் புண், தோளில் நரம்புப் பாதிப்பு. திடீரென வென்டிலேட்டரில் காற்றழுத்தம் ஏறினால் முதல் சந்தேகம் சளியால் அடைத்த டியூப், அல்லது நகர்ந்துவிட்ட டியூப்.

முக வீக்கம் மல்லாத்தினால் வடியும். கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தாலும் குறையும்.

குப்புறப் போடுவது அவகாசம்தான் வாங்கித் தரும், கிருமியைக் கொல்லாது. கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் ஊசியாகச் சேர்த்துத் தருவது தனித்தனியாகத் தருவதைவிட மேல் என்று 2023இல் காட்டிய ஆய்வை வழிநடத்தியதே வேலூர் சி.எம்.சி.தான்.

டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: மல்லாத்தி 4 மணி நேரம் கழித்து எடுத்த ஏபிஜியில் அந்த விகிதம் எவ்வளவு? பீப் (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் வென்டிலேட்டர் நிறுத்தி வைக்கும் அழுத்தம்) 10க்கு மேல் போகாமல், ஆக்சிஜன் 60%க்கு மேல் போகாமல் 150 நின்றால், இனித் திருப்பத் தேவையில்லை.