பத்தாம் திகதி பஸ்

அன்புள்ள சேர்,

2022 டிசம்பர் 31ஆம் திகதி, அறுபது தாண்டிய அரச ஊழியர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை நான். ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். விடிந்தால் பூப்படம், பிறகு பிள்ளைகளின் பட்டமளிப்பு, மெல்பேண் வீடு, இடையில் யாராவது ஒருவருடைய மரண அறிவித்தல். வருகிற டிசம்பரில் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் ஒன்றுகூடல். ஆளுக்கு ஒரு தொகை, எல்லாருக்கும் ஒரே நிறச் சாறி. என் கணவர் இல்லை. மகன் ஊரில் ஓட்டோ ஓடுகிறான். அங்கே போய் என்னத்தைச் சொல்வது என்று கூச்சமாக இருக்கிறது. என் நெருங்கிய சிநேகிதி ஒருத்தி பெரியகல்லாற்றில் பாரிசவாதத்தில் படுத்திருக்கிறாள். அவளும் குழுவில் இருக்கிறாள், ஆனால் ஒன்றும் எழுதுவதில்லை. நான் குழுவை விட்டு விலகிவிடவா? ஓய்வுக்குப் பிறகு மனதைத் திடமாக வைத்திருக்க என்ன வாசிக்கலாம்?

— ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள டீச்சர்,

முதலில் திட்டிவிடுகிறேன். கணவர் இல்லை என்று எழுதிய கையோடு, அதே குரலில், மகன் ஓட்டோ ஓடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே வகைத் துக்கமா? எந்தத் தொழிலும் இழிவில்லை என்று எத்தனை வகுப்புக்குக் கட்டுரை எழுதக் கொடுத்திருப்பீர்கள்? இரவு இரண்டு மணிக்கு உங்களுக்கு நெஞ்சு நோவு வந்தால் ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வாசலில் வண்டியும் இருக்கிறது, அதை ஓட்டப் பிள்ளையும் இருக்கிறான். மெல்பேண் பிள்ளை போனில்தான் அழ முடியும். பாவம், அதுவும் அந்தப் பிள்ளையின் குற்றமில்லை.

பூப்படங்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சத்தத்தை நிறுத்தி வையுங்கள். வாசிப்பதற்குப் பட்டியல் கேட்கிறீர்கள், தரமாட்டேன். மனதைத் திடமாக்கப் புத்தகம் தேடுகிறவர்கள் பத்துப் பக்கத்தில் நித்திரையாகிவிடுவார்கள்.

எனக்கு உறுத்தியது அந்தப் பெரியகல்லாற்றுச் சிநேகிதி. பாசிக்குடாவுக்கு நீங்கள் மட்டக்களப்பு, ஏறாவூர், செங்கலடி எல்லாம் தாண்டிப் போகவேண்டும். பெரியகல்லாறு உங்களுக்குப் பஸ்ஸில் கால் மணித்தியாலம். கடைசியாக எப்போது போனீர்கள்? கடிதத்தில் அது இல்லை.

நானும் கலாசாலைக்காரன்தான். 1978 நவம்பரில் சூறாவளி தென்னைகளையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன அடுத்த வருஷம் அட்டாளைச்சேனையில் சேர்ந்தேன். அங்கே ஒருவரை ஒருவர் ஊர்ப்பெயரால்தான் கூப்பிடுவோம். ஆரையம்பதியான், மருதமுனையான், நிந்தவூரான். விடுமுறை விட்டால் எல்லாரும் ஒரே பஸ். அக்கரைப்பற்று ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், மறுபடி தமிழ் ஊர் என்று மாறிமாறி வரும். நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என்று ஒவ்வொருவனாக இறங்கிப்போக, கல்லடிப் பாலம் வரும்போது நான் தனியாக இருப்பேன்.

அந்த ரோட்டுக்கு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். 1985இல் காரைதீவு எரிந்தது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்றவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தில் 158 பேரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது, ஒருவரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எந்த வகுப்பு, எந்த ஒன்றுகூடல்? அடுத்த ஊரில் இருந்தவன் உயிரோடு இருக்கிறானா என்று கொழும்புக்குப் போய்வந்த ஆளிடம்தான் விசாரிக்க முடிந்தது.

2002இல் யுத்த நிறுத்தம் வந்ததும் எங்களில் முதல் ஆளாகப் பஸ் ஏறியவன் நிந்தவூரான். முன்னறிவித்தல் ஒன்றும் இல்லை. மடியில் ஒரு தயிர்முட்டி. வாசலில் நின்றபடியே, "என்னடா மச்சான், தலையில ஒண்டுமில்ல?" என்றான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்ட முதல் கேள்வி அது. 2004இல் கடல் வந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவனுடைய ஊரிலேயே அவ்வளவு சாவு கிடக்க, கொப்பித் தாளில் எங்கள் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு முகாம் முகாமாகத் தேடித் திரிந்திருக்கிறான்.

பென்சன் எடுத்த பிறகு அவன் அதை ஒரு ஒழுங்காக்கினான். பத்தாம் திகதி பென்சன் விழும். வங்கியில் எடுத்துக்கொண்டு நேரே பஸ்ஸுக்குத்தான். ஒரு மாதத்துக்கு ஒரு வீடு, அவ்வளவுதான். (அரசாங்கம் பென்சன்காரருக்கு றெயில்வே வாரண்ட் தருகிறது, றெயிலோ மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. எங்கள் சிநேகிதமெல்லாம் பஸ் ரோட்டில்.)

ஒருமுறை நானும் கூடப் போனேன். ஆரையம்பதியானுக்கும் உங்கள் சிநேகிதியின் அதே வருத்தம், வலது பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் குழறல். நிந்தவூரான் சுகம் விசாரிக்கவில்லை. குளிசைப் பையைக் கேட்டு வாங்கிப் பாயில் கொட்டினான். கிளினிக் கொப்பியைப் பக்கத்தில் விரித்து வைத்து, பிறசருக்கு உள்ளதை ஒரு பக்கம், சீனி வருத்தத்துக்கு உள்ளதை ஒரு பக்கம், திகதி முடிந்ததை இன்னொரு பக்கம் என்று பிரித்தான். கணக்கு வாத்தியார் அல்லவா, மிச்சம் இருந்த குளிசைகளை எண்ணிப் பார்த்து, "இரவுக் குளிசைய ஒழுங்காப் போடல்ல நீ" என்று பிடித்துவிட்டான். அப்புறம் கலாசாலை இடாப்பை வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தான். ஒரு பெயரைச் சொல்லி "தம்பிலுவில்" என்றான். படுத்திருந்தவன் தலையைத் தூக்கினான். வாய் ஒரு பக்கம் கோண, "திருக்... கோயில்... மடையா" என்றான். அவனுடைய மனைவி அடுப்படியில் இருந்து ஓடிவந்தா. வருத்தம் வந்த பிறகு அவன் இவ்வளவு தெளிவாக யாரையும் ஏசவில்லையாம்.

இதைப் பாசிக்குடாவில் செய்ய முடியுமா? ஹோட்டலுக்கு யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காசு கட்டக்கூடியவர், நடக்கக்கூடியவர், பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஏதாவது உள்ளவர். மற்ற ஆட்களுக்கு "மிஸ் பண்ணினோம்" என்று ஒரு வரி போய்ச் சேரும். படுத்திருக்கிறவள் அந்தப் படங்களை ஒற்றைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அரசாங்கமே வருஷத்துக்கு ஒருமுறை, கிராம சேவகர் மூலமாகவேனும், நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று எழுத்தில் கேட்கிறது. கூடப் படித்தவர்கள் கேட்பதில்லை. செத்தால் மட்டும் வான் பிடித்து வருகிறார்கள். எட்டாம் நாள் சாப்பாட்டுக்கு வருகிற கூட்டத்தில் கால்வாசி முந்தின வருஷம் ஒரு தடவை வந்திருந்தால் அந்த மனுசனுக்குப் பேச ஆள் கிடைத்திருக்கும்.

நிந்தவூரானும் ஒரு மாதம் தவறவிட்டான். 2019 ஏப்ரலில் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் முஸ்லிம் தீவிரவாதி ஒருவன் குண்டை வெடிக்க வைத்த பிறகு, தொப்பியோடு தமிழ் ஊரில் இறங்க அவனுக்குத் தயக்கம். சொல்லவில்லை, முழங்கால் நோவு என்றான். ஆரையம்பதியானின் மனைவிதான் போன் எடுத்தா. "அண்ணன், போன மாதம் தயிர் வரல்லயே" என்றா. அடுத்த பத்தாம் திகதி முட்டியோடு போய் இறங்கினான்.

இப்போது முழங்கால் நோவு உண்மையாகவே வந்துவிட்டது, பஸ் படி ஏற முடியாது. நாங்கள் நிந்தவூருக்குப் போகிறோம். நான் கொண்டுபோகிற தயிர் புளிப்பு என்று ஒவ்வொரு முறையும் ஏசுகிறான்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். குழுவில் இருங்கள், அல்லது விலகுங்கள். பாசிக்குடாவுக்குப் போகிற ஆசை இருந்தால் மகனுடைய ஓட்டோவிலேயே போய் வாசலில் இறங்குங்கள். ஆனால் அதற்கு முன் பெரியகல்லாற்றுக்குப் போகவேண்டும். போகிற விஷயத்தைக் குழுவில் அறிவிக்காதீர்கள். அவளோடு நின்று படம் எடுத்துப் போடவும் வேண்டாம். போட்டால் இருபது பேர் கைகூப்பிய படம் அனுப்பிவிட்டு, தாங்களும் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்துவிடுவார்கள்.