எந்த லிப் பாம் போட்டாலும் உதடு எரிந்து உரிகிறது, பிராண்டு மாற்றியும் சரியாகவில்லை. என்ன செய்வது?

முதலில் பிராண்டு மாற்றுவதை நிறுத்துங்கள். வாசனை இல்லாதது, "ஆர்கானிக்" என்று போட்டது, விலை கூடியது என்று மாற்றி மாற்றி வாங்கியும் எரிச்சல் நிற்கவில்லை, தை மாதம் கல்யாணம் வேறு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை டப்பாவுக்கும் பொதுவாக ஏதோ ஒரு பொருள் உள்ளே இருக்கும். அது எது என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் புதிதாக எதை வாங்கினாலும் இதே கதைதான். நானும் இதை அனுபவித்தவள். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒரு நல்ல ஸ்கின் டாக்டர் எனக்குப் புரிய வைத்ததும், அதற்குப் பிறகு நானே தேடித் தெரிந்துகொண்டதும் உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்ட சில நிமிடங்களிலேயே உதடு புசுபுசுவென்று வீங்குவது, நாக்கு தடிப்பது, தொண்டை அடைப்பது, மூச்சு வாங்குவது இதெல்லாம் இருந்தால் அது வேறு வகை. அப்போது படித்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-க்குக் கூப்பிடுங்கள்.

நீங்கள் சொல்கிற எரிச்சல், சிவப்பு, செதில் செதிலாக உரிவது, ஓரத்தில் வெடிப்பு இவை பெரும்பாலும் தொடு ஒவ்வாமையாக இருக்கும். இதில் நம்மைக் குழப்புவது நேரம்தான். இன்று தடவினால் நாளையோ நாளை மறுநாளோதான் உதடு காட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு விசேஷத்துக்கு லிப்ஸ்டிக் போட்டிருப்போம், செவ்வாய்க்கிழமை உதடு எரியும். திங்கட்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காய் மேல் பழியைப் போட்டுவிடுவோம். இன்னொரு குழப்பம், வருடக்கணக்காக ஒத்துக்கொண்ட பொருள் திடீரென்று ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போகும். "இதைத்தானே காலேஜிலிருந்து போடுகிறேன், இதுவாக இருக்காது" என்று யாரும் எதையும் தள்ளிவிட முடியாது. உடம்பு ஒரு பொருளை எதிரியாக முத்திரை குத்திவிட்டால், அதற்கப்புறம் கொஞ்சம் பட்டாலே போதும்.

எல்லா எரிச்சலும் அலர்ஜி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உதட்டை அடிக்கடி நக்குகிற பழக்கம் இருந்தால் அதுவே தோலை அரித்துவிடும். உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பி கிடையாது, மேல்தோலும் ரொம்ப மெல்லிசு. அதனால் சீக்கிரம் காய்ந்து போகும். காய்ந்ததும் நக்குவோம், எச்சில் காயும்போது இன்னும் காயும். மெந்தால், கற்பூரம், புதினா எண்ணெய் போட்ட பாம் "சில்"லென்று இருக்கும், சுகமாகத்தான் தெரியும். ஆனால் ஏற்கெனவே புண்ணான உதட்டில் அது எரிச்சலைக் கிளப்பி, அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பத் தடவ வைக்கும். உங்கள் பாம் அந்த வகையா என்று பாருங்கள்.

என் விஷயத்தில் குற்றவாளி விளக்கெண்ணெய். பல லிப்ஸ்டிக்குகளுக்கு அடிப்படையே அதுதான். சாயத்தை நன்றாகக் கரைத்து வைத்துக்கொள்ளும், பளபளப்பும் தரும் என்பதால் சேர்க்கிறார்கள். விளக்கெண்ணெயில் பெரும்பகுதி ரிசினோலியிக் அமிலம். சிலருக்கு அதுதான் ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் உதடு வெடித்தால் ராத்திரி படுக்கும்போது விளக்கெண்ணெய் தொட்டு வைப்பது பாட்டி காலத்துப் பழக்கம். அம்மா அக்கறையோடு தடவிவிடுவாள். காலையில் எழுந்தால் மேலுதடு தடித்து, வாயைத் திறந்தால் சுள்ளென்று இழுக்கும். பகலில் லிப்ஸ்டிக், அது புண்ணாக்கினால் பாம், ராத்திரி எண்ணெய் என்று மூன்று வழியாகவும் ஒரே பொருள்தான் உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை. தோன்றவும் வாய்ப்பில்லை, ஏனென்றால் லேபிளில் விளக்கெண்ணெய் என்றா போட்டிருக்கிறார்கள்? "ரிசினஸ் கம்யூனிஸ் சீட் ஆயில்" என்று இருக்கும். இல்லையென்றால் "ஹைட்ரஜனேட்டட் காஸ்டர் ஆயில்".

இதைப் பிடித்துக் கொடுத்தது பேட்ச் டெஸ்ட். இதைப் பற்றி கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் வேறு டெஸ்ட்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு வருகிறார்கள். லேபில் "அலர்ஜி பேக்கேஜ்" என்று ரத்தம் எடுத்து நீளமான பட்டியல் தருவார்கள். அது ஐ.ஜி.இ. என்கிற எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிற டெஸ்ட், உடனடியாக வருகிற ஒவ்வாமைக்கானது. ஒன்றிரண்டு நாள் கழித்து வருகிற தொடு ஒவ்வாமை அதில் தெரியாது. அந்த ரிப்போர்ட்டை நம்பி கத்தரிக்காய், கருவாடு, வேர்க்கடலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உதடு மட்டும் அப்படியே இருக்கிறவர்களைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கிறது.

பேட்ச் டெஸ்ட்டில் ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. ஒவ்வொரு பொருளிலும் துளியளவு எடுத்துச் சின்னச் சின்ன வட்டக் கிண்ணங்களில் வைத்து, பிளாஸ்திரியோடு முதுகில் வரிசையாக ஒட்டுவார்கள். பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போடுவார்கள். 48 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். அப்புறம் எடுத்துவிட்டுப் பார்ப்பார்கள். மூன்றாவது அல்லது நான்காவது நாள் இன்னொரு தடவை பார்ப்பது முக்கியம், சில பொருள்கள் தாமதமாகத்தான் காட்டும். ஒத்துக்கொள்ளாத பொருள் இருந்த இடத்தில் மட்டும் சிவந்து, தடித்து, சில சமயம் பொடிப் பொடியாகக் கொப்புளம் இருக்கும். அந்த நாட்களில் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது, கனமாக எதையும் தூக்கக்கூடாது. நம்மூர் சித்திரை வெயிலில் இதைச் செய்வது தண்டனை, பிளாஸ்திரி வியர்வையில் கழன்றே போய்விடும். ஐப்பசி, கார்த்திகை தோதான காலம், இப்போதே தேதி வாங்கிவிடுங்கள்.

இந்தியாவில் பொதுவாக வைத்துப் பார்க்கிற பொருள்களுக்கு என்று "இந்தியன் ஸ்டாண்டர்ட் சீரீஸ்" இருக்கிறது. வாசனைக் கலவை, பெரு பால்சம், கொலோஃபோனி என்கிற மரப்பிசின்கள், கம்பளிக் கொழுப்பு, நிக்கல் எல்லாம் அதில் வரும். ஆனால் விளக்கெண்ணெய் அதில் வராது. என் டாக்டர் முன்கூட்டியே "உதட்டில் போடுவது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாம்மா" என்று சொல்லி, என்னுடைய லிப்ஸ்டிக், பாம், அந்த விளக்கெண்ணெய்ப் பாட்டில் எல்லாவற்றையும் தனித்தனியாக ஒட்டினார். சிவந்த இடங்களை மாத்திரம் வரிசை வைத்துப் பார்த்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அதனால் நீங்களும் பையில் அள்ளிக்கொண்டு போங்கள். வெளி அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், சின்ன டப்பாவில் உட்பொருள் பட்டியல் பெரும்பாலும் முழுசாக இருக்காது. டூத் பேஸ்ட்டும் கொண்டு போங்கள், காரணம் கீழே சொல்கிறேன். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், டெஸ்ட்டின் முடிவையே அது மாற்றிவிடும். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் முதலில் விசாரியுங்கள்.

உங்களுக்கும் விளக்கெண்ணெய்தான் என்று நான் சொல்லவில்லை. "ஆர்கானிக்" போட்டதும் எரிந்தது என்கிறீர்களே, அங்கே எனக்கு வேறு சந்தேகங்கள் வருகின்றன. அந்த வகை பாம்களில் தேன்மெழுகு இருக்கும், லேபிளில் "செரா ஆல்பா" என்று எழுதியிருக்கும். சிலவற்றில் தேனீப் பிசின், அதாவது புரோபோலிஸ், சேர்ப்பார்கள். உதட்டு ஒவ்வாமையில் அது பேர்போன ஆள். லவங்கப்பட்டை எண்ணெய், புதினா எண்ணெய், வெனிலா இவையும் செடியிலிருந்து வந்தவைதான், ஆனால் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. இயற்கை என்பதால் உதடு சும்மா இருந்துவிடாது. பட்டாலே கொப்பளிக்க வைக்கிற சேராங்கொட்டையும் இயற்கைதானே. லேனோலின் என்கிற கம்பளிக் கொழுப்பை அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2023-இல் "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்றே அறிவித்தது. வெயிலுக்கான பாம் என்றால் ஆக்ஸிபென்சோன் இருக்கிறதா என்று பாருங்கள். லிப்ஸ்டிக் சிக்குவாடை அடிக்காமல் இருக்கப் போடுகிற புரோபைல் கேலேட், வாசனைக்கு "பர்ஃபம்", ருசிக்கு "அரோமா". இந்தக் கடைசி இரண்டு சொற்களுக்குள் என்னென்ன இருக்கிறது என்று தனியாக எழுதியிருக்க மாட்டார்கள்.

உதட்டில் எதுவுமே போடாமல் இருந்தும் ஆறவில்லையா? அப்படியென்றால் வாய்க்கு வருகிற மற்றவற்றைப் பாருங்கள். டூத் பேஸ்ட் முதல் சந்தேகம். புதினா, லவங்கம் ருசி போட்ட பேஸ்ட்டும், அதிகமாக நுரைக்கிற பேஸ்ட்டும் உதட்டோரத்தைப் பதம் பார்க்கும். மாங்காய் சீசனில் இன்னொன்று: காம்பிலிருந்து வடிகிற பாலும், தோலும் வாயைச் சுற்றிப் புண்ணாக்கும். மாமரமும் முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம். மாம்பழத்தைத் தோலோடு கடித்து உறிஞ்சுகிறவர்களுக்கு வருகிற இந்தப் புண்ணைத்தான் "மாம்பழம் சூடு" என்கிறோம். தோலைச் சீவி, கை கழுவிவிட்டு, துண்டு போட்டுச் சாப்பிட்டால் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. அப்புறம் நெயில் பாலிஷ். நகத்தில் ஒன்றும் ஆகாது, அந்த விரலால் தொடுகிற உதட்டிலும் இமையிலும்தான் வரும். நகம் கடிக்கிற பழக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வாய் மூலையில் மட்டும் வெடிப்பு என்றால் பூஞ்சைத் தொற்று, இரும்புச்சத்து, பி வைட்டமின் குறைவு என்று அது வேறு கணக்கு. கீழுதட்டில் ஒரே இடத்தில் ஆறாமல் இருக்கிற வெள்ளைத் திட்டு, கெட்டியான புண் என்றால் தள்ளிப் போடாமல் காட்டிவிடுங்கள், அதிலும் வெற்றிலை புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள்.

டெஸ்ட் வரைக்கும் என்ன தடவுவது? மெடிக்கல் ஷாப்பில் "ஒயிட் சாஃப்ட் பாரஃபின்" என்று கேளுங்கள், அல்லது வாசனை சேர்க்காத சாதா வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. ரோஸ் நிறம், கொக்கோ வாசனை போட்ட லிப் டப்பா வேண்டாம். பட்டியலில் ஒரே ஒரு பொருள் இருக்க வேண்டும். அதற்கு அலர்ஜி வருவது மிக மிக அபூர்வம். சாப்பிடும் முன்பும் படுக்கும் முன்பும் தாராளமாகப் போடுங்கள். தேன் சர்க்கரை ஸ்க்ரப், பீட்ரூட், எலுமிச்சை எதுவும் வேண்டாம். உரிகிற தோலைப் பிய்க்காதீர்கள். நம் மாதிரி நிறத்துக்குப் புண் ஆறினாலும் கறுப்பு தங்கிவிடும், அது மறைய மாதங்கள் ஆகும். அந்தக் கறுப்பை மறைக்க இன்னும் அடர்த்தியாக லிப்ஸ்டிக் போட்டால் திரும்ப முதலிலிருந்து.

ஒரு விஷயத்தைக் கெஞ்சியே கேட்கிறேன். மெடிக்கலில் "உதடு புண்ணு" என்று சொன்னால் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த ட்யூபை எடுத்து நீட்டுவார்கள். இரண்டு நாளில் பளிச்சென்று ஆறிவிடும், விட்டதும் திரும்ப வரும், திரும்பப் போடுவோம். மாதக்கணக்கில் போட்டால் வாயைச் சுற்றிப் பொடிப் பொடியாகப் பருக்கள் மாதிரி கிளம்பி, தோல் மெலிந்துவிடும். அந்தக் கலவையில் பல சமயம் இருக்கிற நியோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு கெட்டது என்று சொல்லவில்லை. எனக்கும் வீரியம் குறைந்த ஒன்றைச் சில நாட்களுக்குக் கொடுத்து நிறுத்தினார்கள். அப்புறம் ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். செட்ரிசின் மாத்திரையால் அரிப்பு கொஞ்சம் அடங்கலாம், ஒவ்வாமை போகாது.

கல்யாணத்துக்கு லிப்ஸ்டிக்கே போட முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம். உதடு முழுசாக ஆறட்டும். காரணம் தெரிந்ததும், அந்தப் பொருள் இல்லாத ஒரு லிப்ஸ்டிக்கை நீங்களே வாங்கி, முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் தினமும் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். கழுவாமல் விடுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அது வேண்டாம். வரவில்லை என்றால் ட்ரையல் மேக்கப் அன்று உதட்டில் போட்டு, அடுத்த மூன்று நாள் கவனியுங்கள். முகூர்த்தத்தன்று முதல் தடவையாக எதையும் போடக்கூடாது. நாள் முழுக்க அழியாது என்று விற்கிற திரவ மேட் வகை உதட்டை ரொம்பக் காய வைக்கும், அதை எடுக்கத் தேய்க்கிற தேய்ப்பு இன்னொரு கொடுமை. சாதா லிப்ஸ்டிக்கை நடுநடுவே திருத்திக்கொள்வது மேல். அழிக்க மேக்கப் வைப்ஸ் வேண்டாம், பெட்ரோலியம் ஜெல்லியே போதும். மேக்கப் போடுகிறவரின் பிரஷ்ஷும் தட்டும் பல பேருக்குப் புழங்கியது, ஆகையால் உங்கள் லிப்ஸ்டிக்கோடு ஒரு புது பிரஷ்ஷும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

டெஸ்ட் முடிவு வந்ததும் ஒத்துக்கொள்ளாத பொருளின் பெயரை, லேபிளில் அது என்னென்ன பெயரில் வரும் என்பதோடு, டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்து, மேக்கப் போடுகிறவருக்கும் மெஹந்தி போடுகிறவருக்கும் அனுப்பிவிடுங்கள். மெஹந்தி என்றதும் ஞாபகம் வருகிறது, சீக்கிரம் கறுப்பாகப் பிடிக்கும் என்று சொல்கிற கறுப்பு கோன் மட்டும் வேண்டாம். தலைச்சாயத்தில் இருக்கிற பி.பி.டி. அதில் கலந்திருக்கும், கை கொப்பளித்துப் போகும். சாதா மருதாணியே அரைத்து வையுங்கள்.