‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்’

கேள்வி: டெக்ஸாஸில், டாலஸ் நகரை ஒட்டிய ஒரு புறநகரில் பல ஆண்டுகளாக வசிக்கிறோம். 11ஆம் வகுப்பு படிக்கும் எங்கள் மகன் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் எதிரணியினரை மோதித் தடுக்கும் லைன்பேக்கராக ஆடுகிறான். சேர்த்துவிட்டது நான்தான். ‘தலையில் ஒரு அடி பட்டாலும் அன்றோடு ஆட்டம் முடிந்தது’ என்ற நிபந்தனையோடுதான் என் கணவர் சம்மதித்தார். கும்பகோணத்திலிருந்து மாமியார் போனில் அழுகிறார். பயிற்சியாளரோ, சேரும் பிள்ளைகள் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள், 9ஆம் வகுப்பில் இரண்டு அணிகள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான் இருக்கிறது, இவனும் விலகினால் அணி தாங்காது என்கிறார். கல்லூரி விண்ணப்பத்துக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் ஆட்டம் முடிந்து வந்தவன், தலைவலி என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தான். ‘அப்பாகிட்ட சொல்லிடாதே’ என்று தங்கையிடம் சொன்னானாம். அவள் வந்து என்னிடம் சொன்னாள். நானும் அவரிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை பயிற்சிக்குப் போய்விட்டான், இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். இந்த ஆட்டத்துக்கு எதிர்காலம் உண்டா? அவனைத் தொடர விடலாமா?
– ஒரு தாய்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், மாமியாரின் அழுகைக்கு இன்னொரு பக்கம். பெற்ற பிள்ளை இரண்டு நாள் வெளிச்சம் தாங்காமல் இருட்டறையில் கிடந்ததற்கு மூன்றே வரிகள். அதிலும் கடைசி வார்த்தை ‘நன்றாகத்தான் இருக்கிறான்’ என்பது. ஆட்டத்தின் எதிர்காலம் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த மூன்று வரிகளைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஆட்டம் முடிந்து தலைவலி, வெளிச்சத்தைக் கண்டால் கண்கூச்சம், எழுந்திருக்க மனமில்லாமை ஆகிய இவை கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வின் அறிகுறிகளாக எல்லாப் பள்ளிகளும் பெற்றோருக்குக் கொடுக்கும் தாளில் அச்சிடப்பட்டிருப்பவை. டெக்ஸாஸில் அந்தத் தாளில் நீங்களோ உங்கள் கணவரோ ஒவ்வோர் ஆண்டும் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளை களத்தில் இறங்க முடியும். ஆகவே உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார். படித்துவிட்டுத்தான் இட்டாரா என்று நான் கேட்கப் போவதில்லை. உங்கள் கடிதமே அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

நான் மருத்துவன் அல்லன், கடிதத்தைப் பார்த்து நோயைச் சொல்லிவிடவும் முடியாது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய மருத்துவரிடம் மூன்று வாரங்களாக நீங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஏனென்றால், போனால் கணவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அவர் தம் நிபந்தனையை நிறைவேற்றுவார். அப்படியானால், சேர்த்துவிட்ட உங்கள் முடிவு தவறு என்றாகிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இந்த வேலையைத் தொடங்கியவன் உங்கள் மகன்தான், ஒப்புக்கொள்கிறேன். அவனுக்கு வயது பதினாறு. உங்களுக்கு என்ன வயது?

மறைக்கும் பிள்ளைகளில் அவன் முதல் ஆளும் அல்லன். விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி வட்டாரத்தில், பள்ளி ஃபுட்பால் ஆட்டக்காரர்கள் 1,500 பேருக்கு மேல் விசாரித்து 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அந்தப் பருவத்தில் மூளை அதிர்வுக்கு ஆளானவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அதை யாரிடமாவது சொல்லியிருந்தது தெரியவந்தது. பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைத்தோம் என்றவர்கள் பலர். சொன்னால் வெளியே உட்காரவைத்து விடுவார்கள் என்று அஞ்சியவர்கள் அதற்கடுத்து வந்தார்கள். உங்கள் மகனுக்கு இவற்றோடு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவன் கையில் கொடுத்தவர் உங்கள் கணவர். ‘ஒரு அடி பட்டாலும் அன்றோடு முடிந்தது’ என்ற நிபந்தனை அக்கறையில் பிறந்ததுதான். ஆனால் அடிபட்டால் அப்பாவிடம் ஓடி வா என்று அதிலிருந்து பிள்ளை புரிந்துகொள்ளவில்லை, அடிபட்டால் அப்பாவிடம் வாயைத் திறக்காதே என்றுதான் புரிந்துகொண்டான். இதை அவரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். பிள்ளை உண்மையைச் சொன்னால் அவனுக்குப் பிடித்தது பறிபோகும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, பிறகு அவனிடம் உண்மையை எதிர்பார்க்கும் தகப்பன் என் கணக்கில் கண்டிப்பானவர் அல்லர், அவசரக்காரர்.

உங்கள் கணவர் அஞ்சுவது எதை என்பதும் தெரிகிறது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வைச் செய்தித்தாளில் பார்த்திருப்பார்: தானமாகக் கிடைத்த 202 ஆட்டக்காரர்களின் மூளைகளில் 177இல், தொடர்ந்த அடிகளால் உண்டாகும் சி.டி.இ. என்னும் சிதைவைக் கண்டார்கள், என்.எஃப்.எல். என்னும் தொழில்முறைப் போட்டி வரை சென்று ஆடிய 111 பேரில் 110 பேருக்கு அது இருந்தது. அதே ஆய்வில், உயர்நிலைப் பள்ளியோடு நிறுத்திக்கொண்டவர்கள் 14 பேர், அவர்களில் 3 பேருக்குச் சிதைவு இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த மூளைகளெல்லாம், ஏதோ கோளாறு இருக்கிறது என்று சந்தேகித்த குடும்பங்கள் பெரும்பாலும் கொடுத்தவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விஸ்கான்சினில் 1957இல் பள்ளி முடித்தவர்களை முதுமை வரை தொடர்ந்து கவனித்த வேறோர் ஆய்வில், பள்ளியில் ஃபுட்பால் ஆடியவர்களுக்கும் ஆடாதவர்களுக்கும் நினைவாற்றலிலோ மனச்சோர்விலோ சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே அறுபது வயதில் என்ன ஆகுமோ என்ற அச்சத்தை நான் பெரிதாக்க மாட்டேன். வரும் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தை நினைத்தால்தான் எனக்கு அச்சமாக இருக்கிறது. முதல் அதிர்விலிருந்து மூளை மீளும் முன்பே இன்னோர் அடி விழுந்தால், அது இலேசான அடியாகவே இருந்தாலும், மூளை சட்டென்று வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதாகத்தான் நடக்கும். நடந்தபோதெல்லாம் பெரும்பாலும் உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்கே நடந்திருக்கிறது. தலைக்கவசம் போட்டிருக்கிறானே என்று சொல்லாதீர்கள். அது மண்டையோடு உடையாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது.

வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் ஸாக்கரி லிஸ்டெட் என்ற பதின்மூன்று வயதுச் சிறுவன், தலையில் அடிபட்ட பிறகும் அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கி ஆடினான். ஆட்டம் முடிந்ததும் நினைவிழந்து விழுந்தான். அவசர அறுவைச் சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் பேச்சையும் நடையையும் மீட்க அவன் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அவன் பெயரால் 2009இல் அந்த மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. 2014க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன. உங்கள் டெக்ஸாஸில் 2011இலேயே வந்துவிட்டது, நடாஷா சட்டம் என்பார்கள். அதில் ஓர் இடத்தை நீங்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு மாணவனுக்கு மூளை அதிர்வு நேர்ந்திருக்கலாம் என்று யார் கருதினால் அவனை உடனே ஆட்டத்திலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது: பயிற்சியாளர், மருத்துவர், உரிமம் பெற்ற சுகாதாரப் பணியாளர், பெற்றோர் அல்லது பாதுகாவலர். நிரூபிக்க வேண்டியதில்லை, கருதினாலே போதும். அப்படி வெளியேற்றப்பட்டவன் திரும்பி வருவதற்கு மருத்துவர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும், பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். பயிற்சியாளர் தாமாக அனுமதிக்க முடியாது. அந்நிய நாட்டுச் சட்டமே உங்களை நம்பி இவ்வளவு பெரிய பொறுப்பைக் கையில் கொடுத்திருக்கிறது. நீங்களோ அந்தப் பொறுப்பை ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கும் ஒரு சிறுமியின் தலையில் வைத்துவிட்டு மூன்று வாரம் பேசாமல் இருந்துவிட்டீர்கள்.

இனி ஆட்டத்தின் எதிர்காலத்துக்கு வருவோம். பயிற்சியாளர் சொல்வது பொய்யில்லை. நாடு முழுவதும் 2008இல் பதினொரு லட்சத்தைத் தாண்டியிருந்த பள்ளி ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை, 2021-22 பள்ளியாண்டில் பத்து லட்சத்துக்கும் கீழே இறங்கியது. பிறகு ஓரளவு ஏறி மீண்டும் பத்து லட்சத்தைக் கடந்தது. ஆனால் உங்கள் பக்கத்து ஊரான ஆலனில் பள்ளி ஆட்டத்துக்கென்றே 18,000 பேர் உட்காரும் அரங்கத்தை ஏறத்தாழ ஆறு கோடி டாலர் செலவில் 2012இல் கட்டியவர்கள் வாழும் மாநிலத்தில், வெள்ளிக்கிழமை இரவுகளில் தொழில்முறை ஆட்டம் தொலைக்காட்சியில் குறுக்கிட்டுவிடக் கூடாது என்று 1960களிலேயே கூட்டாட்சிச் சட்டத்தில் எழுதிவைத்த நாட்டில், இந்த ஆட்டம் உங்கள் மகன் விலகியதால் செத்துப்போகாது. 1905இல் களத்தில் பிள்ளைகள் செத்து விழுவதைக் கண்டு அதிபர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டே பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி மாறியது. 1976இல் தலையால் முட்டி மோதுவதைத் தடை செய்தார்கள். டெக்ஸாஸ் பள்ளிகளில் முழு மோதலோடு நடக்கும் பயிற்சிக்கு வாரத்துக்கு இத்தனை நிமிடம் என்று வரம்பு வந்திருக்கிறது. ஆள் போதாத சிறு ஊர்ப் பள்ளிகள், அணிக்குப் பதினொரு பேருக்குப் பதில் ஆறு பேர் ஆடும் ஆட்டத்தை ஆடுகின்றன. அது 1934இல் நெப்ராஸ்காவில் பிறந்தது, இன்றும் டெக்ஸாஸின் மேற்கே உயிரோடு இருக்கிறது. மோதலே இல்லாத ஃபிளாக் ஃபுட்பால் 2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறப் போகிறது. பயமும் சாவும் விரட்டித்தான் இந்த ஆட்டம் ஒவ்வொரு முறையும் திருந்தியிருக்கிறது. அணிக்கு ஆள் சேர்ப்பது பள்ளியின் கவலை; அதை ஒரு பதினாறு வயதுப் பையனின் கடமையாக்கிப் பேசும் பயிற்சியாளரிடம், நீங்கள் மரியாதையாகவே, இது என் மகனின் பொறுப்பு அல்ல என்று சொல்லியிருக்க வேண்டும்.

கல்லூரி பற்றி ஒரே வாக்கியம்: பள்ளியில் ஃபுட்பால் ஆடும் நூறு பேரில் ஏறத்தாழ ஏழு பேர்தான் கல்லூரி அணிகளில் ஆடுகிறார்கள், அவர்களிலும் பலருக்கு உதவித்தொகை கிடையாது.

இந்த ஆட்டத்தை நான் வெறுக்கவில்லை. நம்மவர் பிள்ளைகள் ஸ்பெல்லிங் போட்டியோடு நின்றுவிடாமல் அந்த ஊர்ப் பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு ஆட வேண்டும் என்று நினைப்பவன்தான். அதனால்தான் மாமியாரின் கண்ணீரை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை; அவர் அங்கே ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை. ஆனால் ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணவனும் மனைவியும் ஆயிரம் விஷயங்களில் வேறுபடலாம். பிள்ளையின் உடம்பைப் பற்றிய செய்தியில் ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. அது உங்கள் இருவருக்கும் உள்ள உரிமையைப் பற்றியது அன்று, அவனுக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கடமை.

ஆகவே இன்றிரவே கணவரிடம் சொல்லுங்கள். மகன் முன்னிலையில் வேண்டாம். தனியாக, நடந்தது முழுவதையும், நீங்கள் மறைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கோபப்படுவார், பட்டுவிட்டுப் போகட்டும். அதன் பிறகு இருவரும் சேர்ந்து மகனிடம் பேசும்போது, அவர் தம் நிபந்தனையைத் திரும்பப் பெற வேண்டும். அடிபட்டதற்காக ஆட்டம் முடியவில்லை, மருத்துவர் சொல்லும் வரை மட்டும் நிற்கிறது, மறைத்ததற்காக இந்தப் பருவம் முழுவதும் நிற்கிறது என்று அவரே அவனிடம் சொல்ல வேண்டும். மருத்துவர் நாளைக்கே ஆடலாம் என்றாலும் இதை மாற்றாதீர்கள். அவன் அழுவான், கதவைச் சாத்துவான். அடுத்த ஆண்டு மறுபடி ஆடுவதா என்பதை மே மாதம் மூவரும் உட்கார்ந்து பேசுங்கள், அப்போது அவன் வாதத்தையும் கேளுங்கள். காலையில் பயிற்சியாளருக்கும் ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும் பள்ளியின் அத்லெட்டிக் டிரெய்னருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன தேதியில் இன்ன அறிகுறிகள் இருந்தன, மூளை அதிர்வாக இருக்கலாம் என்று பெற்றோராகிய நாங்கள் கருதுகிறோம். இந்த வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள். முதல் நாள் அவன் வாந்தி எடுத்தானா, பேச்சில் தடுமாறினானா, என்ன மாத்திரை போட்டுக்கொண்டான் என்றெல்லாம் மருத்துவர் கேட்பார். அவன் மழுப்புவான், உங்களுக்குத் தெரியாது. அந்த இரண்டு நாளும் அந்த அறைக்குள் போய் வந்தவள் அவள்தான். அவளைப் பதில் சொல்ல விடுங்கள்.